அரையாண்டு நிறைவு: பெற்றோர் கவனத்துக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா சிறப்பாக நடந்தது. ஓவியப் போட்டியில் பரிசு பெற்றவர்களுக்குப் பாராட்டுகள். கழிப்பறைப் பராமரிப்பு வேலையும் முடிந்துவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் மன்றம். கொஞ்ச நாளாக அந்த நேரத்தில் பாதி பெஞ்சு காலி. வயிற்று வலி, உறவினர் திருமணம் என்று விடுப்புக் கடிதம் வருகிறது. சற்று நேரத்தில் அதே பிள்ளைகள் டியூஷன் வாசலில் நிற்கிறார்கள். ஒரு தந்தை மட்டும், "சயின்ஸ் குரூப் பையனுக்குத் தமிழ் மன்றம் எதற்கு சார்?" என்று நேராகவே கேட்டிருந்தார். ஒளிக்காமல் எழுதியதற்கு அவருக்கு நன்றி. போட்டித் தேர்வின் நெருக்கடி எங்களுக்கும் தெரியும்.

சென்ற மன்றத்தில் ஒரு மாணவி வா. செ. குழந்தைசாமியைப் பற்றிப் பேசினாள். 1929இல் கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையத்தில் பிறந்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் வரை போய் நீரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பெய்த மழை எவ்வளவு நேரத்தில், எவ்வளவு ஆற்றுக்கு வந்து சேரும் என்று கணிக்க அவர் வகுத்த முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. வெள்ளம் ஏறி வடிவதைக் கரும்பலகையில் மேடுபோல ஒரு கோடு வரைந்து அந்தப் பெண் விளக்கினாள். கேட்டிருக்க வேண்டிய பாதிப் பேர் இயற்பியல் டியூஷனில் இருந்தார்கள்!

மதுரை காமராசர், அண்ணா, இந்திரா காந்தி திறந்தநிலை என மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தராக இருந்தவர் அவர். அண்ணா பல்கலைக்கழகத்தில் மட்டும் 1981 முதல் 1990 வரை. 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிதை எழுதியவரும் அவரே. தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடினார். 1988இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் துணைவேந்தர் நாற்காலியில்தான் இருந்தார். நேரமில்லை என்று சொல்ல நம் பிள்ளைகளைவிட அவருக்குக் காரணம் அதிகம்.

எனவே, இனி பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திடாமல் கடைசி மணிக்கு முன் யாரையும் வெளியே அனுப்ப மாட்டோம். இல்லாத வயிற்று வலியை எழுதிப் பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்பாதீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் எங்களிடம் நீட்டுகிறார்கள்.

டியூஷன் நேரம் உண்மையிலேயே இடிக்கிறது என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மன்றத்தை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்கிறோம். விளையாட்டு விழாவன்று வெயிலில் நின்று பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்த பெற்றோர் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பள்ளி திறக்கும் நாளில் மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்