டெர்மக்ஸில் ஒரு குடித்தனம்

சைதாப்பேட்டை, சென்னை
மே 12

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கயல் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியதில் ரொம்ப சந்தோஷம். இங்கே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. அம்பத்தூரில் மட்டும் குளிரவா போகிறது!

லேப்டாப் காலேஜில் சேர்ந்த பிறகுதான், அதுவரை போனிலேயே பைத்தான் என்ற நிரல்மொழி பழக முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வைத்தார்கள். அந்த அளவுப் பாடத்துக்கு 4 ஜிபி ராம் உள்ள ஆண்ட்ராய்டு போன் தாராளம்.

இரண்டு வாரம் தொட்டுப் பார்த்தால் போதும் என்றால் பைட்ராய்டு 3 என்ற ஆப் போதும். எழுது, மஞ்சள் பட்டனை அழுத்து, ஓடும். ஆனால் அவள் பின்னால் சி மொழி படிக்க வேண்டும், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் பழக வேண்டும், கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைப் பார்த்தால் பயப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் கட்டளைகளைப் போனிலேயே அடித்து ஓட்டவிடும் டெர்மக்ஸ் ஆப்தான் சரி.

ஒன்றை மட்டும் அவள் மனதில் முதலிலேயே பதிய வை. டெர்மக்ஸ் பார்க்க லினக்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் அது வாடகைக்குக் குடியிருக்கும் ஆள். வீட்டு ஓனர் ஆண்ட்ராய்டு. வரும் பிழைச்செய்திகளில் பாதி, அவள் எழுதிய நிரலின் தப்பு இல்லை. ஓனர் போட்ட கண்டிஷன்.

முதல் கண்டிஷன் இன்ஸ்டால் செய்யும்போதே தெரியும். ஆண்ட்ராய்டு 10 வந்தபோது ஒரு விதி போட்டார்கள்: 29 என்ற ஏபிஐ நிலையை (ஆண்ட்ராய்டு பதிப்புக்கான உள் எண்) குறிவைத்துக் கட்டப்பட்ட ஆப், தன் இடத்தில் தானே எழுதி வைத்த ஃபைலை நிரலாக ஓட்டக் கூடாது. டெர்மக்ஸின் பிழைப்பே அதுதான், இறக்குவதும் ஓட்டுவதும். அதனால் அது 28லேயே நின்றுகொண்டது. 28ஐ பிளே ஸ்டோர் ஏற்காது. 2020 நவம்பரோடு அங்கே அப்டேட் நின்றது. பிறகு பிளே ஸ்டோருக்கென்று தனியாக ஒன்று கட்டினார்கள், அதில் வசதி குறைவு. எஃப்-ட்ராய்டு என்ற இலவச ஆப் தளத்தில் இருப்பதையே எடு. ‘பழைய ஆண்ட்ராய்டுக்காகக் கட்டிய ஆப்’ என்று போன் எச்சரிக்கும். காரணம் அந்த 28தான், பயப்பட வேண்டாம். பின்னால் டெர்மக்ஸ் ஏபிஐ போன்ற துணை ஆப் போட்டால் அதையும் எஃப்-ட்ராய்டிலிருந்தே போட வேண்டும். வேறு இடத்தில் எடுத்தால் ஆப்பின் டிஜிட்டல் கையொப்பம் ஒத்துப்போகாமல் இன்ஸ்டால் ஆகாது.

கட்டளைகளைப் போனில் வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதுகிறேன். அவள் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து.

பிகேஜி என்பது டெர்மக்ஸில் மென்பொருள் தொகுப்புகளை இறக்கும் கட்டளை. திறந்ததும் பிகேஜி அப்டேட், பிறகு பிகேஜி அப்கிரேட். இரண்டாவதை நிறைய பேர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். டெர்மக்ஸில் எல்லாத் தொகுப்பும் ஓயாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பழைய அடித்தளத்தின் மேல் புது பைத்தானை மட்டும் இறக்கினால், ‘கேனாட் லிங்க் எக்ஸிக்யூட்டபிள்’ என்று தொடங்கி ஏதோ ஒரு லைப்ரரி (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்) இல்லை என்று கத்தும். அப்கிரேட் நடுவில் ஒய், ஐ, என், ஓ என்று எழுத்துகளை வரிசையாகக் காட்டிக் கேள்வி கேட்டால் என்டர் அடித்தால் போதும். இறக்கம் பாதியில் நின்றால் டெர்மக்ஸ் ஹைபன் சேஞ்ச் ஹைபன் ரெப்போ என்று அடித்து, ஆசியாவில் உள்ள மிரர்களை (அதே தொகுப்புகளின் நகல் வைத்திருக்கும் சர்வர்களை) தேர்ந்தெடுக்கச் சொல். இதெல்லாம் வைஃபையில் நடக்கட்டும். தினம் 1.5 ஜிபி பேக்கில் செய்தால் மத்தியானத்துக்குள் டேட்டா காலி.

அடுத்து பிகேஜி இன்ஸ்டால் பைத்தான். கூடவே நானோ எடிட்டர். பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் பிப் தானாக வந்துவிடும். ஆனால் அந்த பிப்பை பிப்பாலேயே அப்கிரேட் செய்யக் கூடாது; முயன்றால் டெர்மக்ஸே தடுத்து நிறுத்தும்.

பிப் விஷயத்தில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஃபிளாஸ்க், ரிக்வெஸ்ட்ஸ் மாதிரி பெரும்பாலும் பைத்தானிலேயே எழுதிய லைப்ரரிகள் பிப்பில் சமத்தாக இறங்கும். கணக்கீட்டுக்கான நம்பை என்று கேட்டால் மட்டும் போன் கொதிக்க ஆரம்பிக்கும், வெகுநேரம் கழித்துச் சிவப்பில் பக்கம் பக்கமாகப் பிழை கொட்டும். காரணம் இதுதான். லேப்டாப்பில் நம்பை நொடியில் இறங்குவது, யாரோ முன்பே கம்பைல் செய்து (கணினி நேரடியாக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி) வைத்த வீல் என்ற தொகுப்பு கிடைப்பதால். லினக்ஸுக்கான அந்த வீல்கள் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பிக் கட்டியவை. ஆண்ட்ராய்டில் இருப்பது பயானிக். ஒட்டாது. அதனால் பிப் மூலநிரலை எடுத்துப் போனிலேயே கட்டப் பார்க்கிறது. விடை சுலபம்: பிகேஜி இன்ஸ்டால் பைத்தான் ஹைபன் நம்பை. டெர்மக்ஸ்காரர்களே கட்டி வைத்திருக்கிறார்கள். அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் வேண்டுமென்றால் முதலில் டியூஆர் ஹைபன் ரெப்போ என்ற தொகுப்பைப் போட்டுவிட்டு, அதே பாணியில் பைத்தான் ஹைபன் பாண்டாஸ். எந்த லைப்ரரியையும் முதலில் பிகேஜி சர்ச் போட்டுத் தேடிவிட்டு, அங்கே இல்லாவிட்டால் மட்டும் பிப்பிடம் போவது நல்ல பழக்கம்.

இப்போது ஃபைல்களை எங்கே வைப்பது என்ற பேச்சு. டெர்மக்ஸ் ஹைபன் செட்டப் ஹைபன் ஸ்டோரேஜ் என்று அடித்தால் போன் அனுமதி கேட்கும். கொடுத்ததும் டெர்மக்ஸின் சொந்த ஃபோல்டரான ஹோமுக்குள் ஸ்டோரேஜ் என்ற ஃபோல்டர் வரும். அதன் வழியாக டவுன்லோட்ஸ், போட்டோக்கள் எல்லாம் எட்டும். உடனே எல்லோரும் செய்வது, டவுன்லோட்ஸுக்குள்ளேயே புராஜெக்ட் ஃபோல்டரைப் போடுவது. வேண்டாம். ஹோம் அவள் வாடகைக்கு எடுத்த ரூம். டவுன்லோட்ஸ் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான மொட்டை மாடி. மாடியில் துணி காயப்போடலாம், அடுப்பு மூட்ட முடியாது. அந்தப் பொது இடத்தில் ஒரு ஃபைலுக்கு ஓடும் அனுமதி தர முடியாது, சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போட முடியாது. ஆகவே சி நிரலைக் கம்பைல் செய்தால் அதில் பிறக்கும் ஏ டாட் அவுட் ஃபைல் கண்ணெதிரே இருக்கும். ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’. அனுமதியை மாற்றும் சிஎச்மாட் போட்டாலும் மாறாது. ஒரு புராஜெக்டுக்கென்று தனியாக லைப்ரரிகளை வைக்கும் பைத்தான் வென்வ் சிம்லிங்க்கில் இடறி விழும், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை இறக்கும் என்பிஎம்மும் அப்படியே. கிட் போய் உட்கார்ந்தால் ‘டூபியஸ் ஓனர்ஷிப்’ என்று முரண்டு பிடிக்கும். நிரல் முழுக்க ஹோமில் இருக்கட்டும். வெளியே யாருக்காவது அனுப்ப வேண்டிய ஃபைலை மட்டும் டவுன்லோட்ஸுக்குக் காப்பி செய்யட்டும்.

சி என்றதும் ஞாபகம் வந்தது. பிகேஜி இன்ஸ்டால் கிளாங் போட்டால் கம்பைலர் வந்துவிடும், ஜிசிசி என்று அடித்தாலும் ஓடுவது கிளாங்தான். நம் ஊர் ஜெராக்ஸ் கடை நோட்ஸில் இன்னமும் டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்து கோனியோ டாட் எச், கிளியர்-ஸ்க்ரீன், கெட்-சிஎச் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அவை டாஸ் காலத்துச் சமாச்சாரம், கிளாங்கிடம் கிடையாது. ‘கோனியோ டாட் எச் ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வந்தால் அந்த வரியையும் அதைச் சார்ந்த இரண்டு அழைப்புகளையும் அழித்துவிட்டால் நிரல் ஓடும். பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்தால் இன்னொரு தொல்லை: மேற்கோள்குறி வளைந்து வந்துவிடும். பைத்தான் ‘இன்வாலிட் கேரக்டர்’ என்று யூ பிளஸ் 201சி எண்ணோடு சொன்னால், அது அந்த வளைந்த குறிதான். நேர்க்குறியைக் கையால் அடிக்க வேண்டும். எப்படியும் கையால் அடித்துப் பழகுவதே நல்லது.

அடிப்பதற்கு: டெர்மக்ஸில் வால்யூம் குறைக்கும் பட்டன்தான் கன்ட்ரோல். அதைப் பிடித்துக்கொண்டு சி அழுத்தினால் ஓடும் நிரல் நிற்கும். வால்யூம் கூட்டும் பட்டனோடு டி அழுத்தினால் டேப், ஈ அழுத்தினால் எஸ்கேப். திரையின் கீழே இருக்கும் கூடுதல் பட்டன் வரிசையை இடப்பக்கம் தள்ளினால் ஒரு எழுத்துப்பெட்டி வரும். நீளமான வரியை அதில் நிதானமாக அடித்து அனுப்பலாம், தமிழ் அடிக்கவும் அதுவே தோது. மணிக்கணக்கில் எழுதப்போகிறாள் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டும் டைப்-சி ஓடிஜி இணைப்பானும் வாங்கிக் கொடு. புளூடூத்தைவிட இதுதான் என் கட்சி. சார்ஜ் தீர்கிற கவலை இல்லை.

தமிழ் பற்றி அவள் கேட்பாள். ‘தமிழ்’ என்று பிரிண்ட் செய்தால் டெர்மக்ஸ் திரையில் எழுத்து சிதறித் தெரியும். ஒவ்வொரு குறிக்கும் தனிக் கட்டம் ஒதுக்கும் திரை அது. கொம்பும் புள்ளியும் அதில் உட்காராது. நிரலில் தப்பில்லை, அதே ஃபைலைப் பிரவுசரில் திறந்தால் அழகாக இருக்கும். அந்தச் சொல்லின் நீளத்தை லென் போட்டுப் பார்க்கச் சொல். நாம் 3 எழுத்து என்போம், பைத்தான் 5 என்னும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு என்ன என்பதை இந்த ஒரு வரி சொல்லிக்கொடுத்துவிடும்.

இன்னொரு ஓனர் கண்டிஷன். ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப்கள் பின்னால் கிளப்பிவிடும் குட்டி நிரல்கள் எல்லா ஆப்பும் சேர்த்து 32ஐத் தாண்டினால் போன் கொன்றுவிடும். டெர்மக்ஸில் ‘சிக்னல் 9’ என்று வந்து எல்லாம் மூடினால் பெரும்பாலும் இதுவே காரணம். ஆண்ட்ராய்டு 14 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘டிசேபிள் சைல்ட் பிராசஸ் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்ற சுவிட்ச் இருக்கிறது. சில வங்கி ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தால் திறக்க மறுக்கும் என்பதால், சிக்னல் 9 வந்தால் மட்டும் அதைத் தொடு. பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து டெர்மக்ஸுக்கு விலக்கு கொடுப்பதை மட்டும் முதல் நாளே செய்துவிடு. பெரிய கம்பைல் ஓடும்போது பவுச்சைக் கழற்றிவிட்டு, சார்ஜரையும் பிடுங்கி வைக்கட்டும். இந்த வெயிலில் சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடைசியாக, டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தாலோ கிளியர் டேட்டா கொடுத்தாலோ ஹோம் மொத்தமும் போய்விடும். ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று யாராவது வீட்டில் கை வைப்பார்கள், அதனால் நிரலை இணையத்தில் சேமித்து வைக்கும் கிட்ஹப் கணக்கு சீக்கிரமே வேண்டும். 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் பாஸ்வேர்டு கொண்டு புஷ் செய்ய (நிரலை அங்கே அனுப்ப) விடுவதில்லை. கிட், ஓபன்எஸ்எஸ்எச் இரண்டையும் போட்டு, எஸ்எஸ்எச் ஹைபன் கீஜென் கொண்டு பாஸ்வேர்டுக்குப் பதிலான ஒரு சாவி உண்டாக்கி, பப் என்று முடியும் ஃபைலில் உள்ள ஒரே வரியை கிட்ஹப் செட்டிங்ஸில் ஒட்ட வேண்டும். பப் இல்லாத ஃபைல் யார் கண்ணிலும் படக் கூடாது.

கயலின் போனில் ஆண்ட்ராய்டு எத்தனை என்று அபௌட் ஃபோனில் பார்த்து எழுது. 12 அல்லது 13 என்றால் அந்த 32 கணக்கை ஏடிபி (ஆண்ட்ராய்டுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாகத்தான் நீக்க முடியும். அதன் வரிகளைத் தனியாக எழுதி அனுப்புகிறேன். அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி