சார்ஜர் பெட்டிக்கு முன்னால் எர்த்தைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. டாடா நெக்ஸான் இவி, அந்த பேட்டரி கார், புக் பண்ணியாச்சு என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சார்ஜர் விலைப்பட்டியலையும் பார்த்தேன். இதையெல்லாம் போனில் சொன்னால் பாதிதான் மனசில் நிற்கும். எழுதி வைத்தால் கோயம்புத்தூரில் உங்கள் எலக்ட்ரீஷியனிடம் அப்படியே காட்டலாம்.

முதலில், அந்த 11 கிலோவாட் பெட்டி வேண்டாம். சுவரில் மாட்டுகிற பெட்டி கரண்டைப் பத்திரமாக வண்டிவரை கொண்டுபோய்க் கொடுக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிற ஏசி கரண்டை, பேட்டரிக்கு வேண்டிய டிசி கரண்டாக மாற்றி ஏற்றுகிற சார்ஜர் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. உன் வண்டியில் இருப்பது 7.2 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ், அதாவது ஒரே கரண்ட் லைனில் ஓடுவது. 11 கிலோவாட் பெட்டியோ மூன்று ஃபேஸிலும் ஃபேஸுக்கு 16 ஆம்பியராகப் பிரித்துத் தருவது. உன் வண்டி அதில் ஒரு ஃபேஸை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போட்டால் 3.7 கிலோவாட்கூட வராது. கூடுதல் காசு கொடுத்துப் பாதி வேகத்தில் சார்ஜ் போடுவானேன்? 32 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸ், 7.2 கிலோவாட் பெட்டியே உனக்குச் சரி. ஆம்பியரைக் குறைத்து வைக்கிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. 45 யூனிட் பேட்டரி ராத்திரி ஆறேழு மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆபீஸ் போய்வர நாளைக்கு 40, 45 கிலோமீட்டர்தானே உனக்கு? அதற்கு ஏழு யூனிட் போல ஆகும். 16 ஆம்பியரில் வைத்தாலே இரண்டு மணி நேரம் போதும். தினமும் முழு வேகம் தேவைப்படாது.

"வண்டியோடு வருகிற கேபிளை போர்டிகோவில் இருக்கும் 15 ஆம்பியர் பாயிண்டில் குத்திக்கொள்ளலாம்" என்று மாப்பிள்ளை சொன்னதையும் யோசித்தேன். செய்யலாம். ஆனால் இப்போது இருக்கிற பாயிண்டில் வேண்டாம். கீசர் அரை மணி நேரம் ஓடி நிற்கும். வண்டி அப்படியில்லை, ராத்திரி முழுக்க ஒரே சீராக இழுக்கும். மின்வாரிய வேலையில் கருகிய சாக்கெட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கழற்றினால் பித்தளை முனையில் திருகு அரைச்சுற்று தளர்ந்திருக்கும், செப்புக் கம்பி கறுத்துப் பொடியாக உதிரும், பிளக் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்திருக்கும். மீதி ஒயர் தப்பித்திருக்கும், அந்தத் திருகுதான் தீயைக் கிளப்பியிருக்கும். அவசரத்துக்கு அந்த கேபிள் இருக்கட்டும் என்றால், அதற்கென்று தனி லைன் இழுத்து நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடச் சொல். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கமே போகாதே.

இனி நான் சொல்வதுதான் முக்கியம், பாப்பா. பெட்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை, எர்த், அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற ஒயர், நன்றாக இருக்க வேண்டும். நல்ல பெட்டி எர்த் இல்லையென்றால் சிவப்பு லைட்டைக் காட்டி, சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். அப்போது சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு வேலை செய்வார்கள்: கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரிலிருந்து சின்னத் துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் லூப் போட்டுவிடுவார்கள். பெட்டி ஏமாந்து பச்சை லைட் எரியும். "முடிஞ்சுதும்மா" என்று காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். என்றைக்காவது மழையில் வெளியே நியூட்ரல் அறுந்தால், வண்டியின் பாடி முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். கரண்ட் கசிந்தால் தானே அணைக்கிற ஆர்சிசிபி ஸ்விட்ச்கூட சிலசமயம் விழாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று குழந்தை கதவைத் திறப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில். டிபி, அதாவது ஸ்விட்சுகள் எல்லாம் இருக்கிற மெயின் போர்டு, அதன் கவரைத் திறந்து காட்டச் சொல். அந்தத் துண்டு ஒயர் கண்ணில் பட்டால் உடனே நிறுத்து.

தனி எர்த் குழி ஒன்று போடச் சொல். எர்த்தின் தடையை அளக்கிற எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குள் காட்ட வேண்டும். உங்கள் பக்கம் அடியில் பாறை, அதனால் ஒரு குழியில் அந்த அளவுக்கு இறங்காவிட்டால் இரண்டு போட்டுச் சேர்க்கட்டும். வெயில் காலத்தில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதே.

மீட்டரிலிருந்து போர்டிகோ வரை 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் கனம்) செப்பு ஒயருக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளாதே. தூரம் அதிகமென்றால் 10 ஸ்கொயர். லோடு மீறினால் அணைக்கிற 40 ஆம்பியர் எம்சிபி ஸ்விட்ச், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இரண்டும் வண்டிக்கென்று தனியாக இருக்க வேண்டும். ஆர்சிசிபியில் டைப் ஏசி என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. டிசி கசிவு வந்தால் அது சரியாக வேலை செய்யாது. பெட்டிக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கிற வசதி இருந்தால் டைப் ஏ போதும், இல்லாவிட்டால் டைப் பி வாங்கு. விலை கூடத்தான், வாங்கு.

உங்கள் வீட்டில் ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்கு மாற்றுகிற ஃபேஸ் சேஞ்சர் இருக்கிறதே, வண்டி லைனை அதற்குள் கொண்டுவரவே கூடாது. ஒரு ஃபேஸ் போனதும் மாப்பிள்ளை பழக்கத்தில் திருப்பிவிடுவார். ஏசி மெஷின், கீசர், வண்டி மூன்றும் ஒரே ஃபேஸில் சுமையாக விழும். பெட்டி மாட்டும் முன் மின்வாரியத்தில் வீட்டுக்கு அனுமதித்த லோடைக் கூட்ட எழுதிக்கொடுத்துவிடு.

பில் கூடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டுவீர்கள், ஸ்லாபு மாறும். லிட்டர் 100 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவளுக்கு அது பெரிய விஷயமில்லை. வீடு உங்களுடையதுதானே, பிறகு மாடியில் சோலார் போடுவதைப் பற்றிப் பேசுவோம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

வேலை முடிந்ததும் ஃபுல் லோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எம்சிபியையும் ஒயர் முனைகளையும் சூடு பார்க்கச் சொல். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் ஓரிரு வோல்ட்தான் காட்ட வேண்டும். மூடி போடும் முன் டிபியைப் போட்டோ எடுத்து அனுப்பு. குழி தோண்டும் தேதி முடிவானதும் சொல், மதுரையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வந்துவிடுகிறேன். எர்த் டெஸ்டரை நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அம்மா