செனெகா நின்ற தொட்டி

ஆசிரியருக்கு,

ஓவியர் ரூபென்ஸ் வரைந்த, ரோமானியத் தத்துவஞானி செனெகாவின் மரணக் காட்சியை நடந்தது நடந்தபடி என்று நம்பிவிடக் கூடாது. கி.பி. 65இல் பேரரசர் நீரோவின் ஆணைப்படி செனெகா தன் கை நாளங்களை அறுத்துக்கொண்டார். குறைந்த உணவால் மெலிந்த முதிய உடல். ரத்தம் மெதுவாகவே வடிந்தது. கால்களிலும், முழங்கால் மடிப்பிலும் அறுத்தார். குடித்த நஞ்சும், உடல் சில்லிட்டிருந்ததால் ஏறவில்லை. கடைசியில் குளியலறை நீராவியில் மூச்சுத் திணறியே இறந்தார் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். ஓவியத்திலோ பாதம் மட்டும் நனையும் சிறு தொட்டி! ரோமில் ரூபென்ஸ் பார்த்த கறுப்புச் சலவைக்கல் சிலைதான் காரணம். செனெகா என்று நம்பித் தொட்டியில் நிறுத்தப்பட்ட அது, உண்மையில் ஒரு கிழ மீனவர். இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிலையின் மடங்கிய முழங்கால்களைப் பாருங்கள். ஓவியத்திலும் அதே வளைவு. பக்கத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர் மட்டும் டாசிட்டஸ் சொன்னபடியே இருக்கிறார்.