பல் விழுந்த கனவைச் சொல்லலாமா?

அன்புள்ள அம்முவுக்கு,

அத்தை எழுதுகிறேன். பல் விழுவதுபோல் கனவு கண்டேன் என்று போனில் ஆரம்பித்தாய்; "வேண்டாம் அத்தை, சொன்னால் பலித்துவிடும்" என்று அப்படியே நிறுத்திவிட்டாய். பல் விழுந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது என்று ஹாஸ்டலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதுவும் விடியற்காலைக் கனவு என்பதால் உனக்குப் பயம் கூடிவிட்டது.

விடியற்காலைக் கனவுக்குக் காரணம் இருக்கிறது. தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது வேகமாக அசைவதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளெய்ட்மன் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொல்கிறார்கள். ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், கண்கள் அசையும் அந்தத் தூக்கம், விடிய விடிய நீண்டுகொண்டே போகிறது. அதிலிருந்து நேராக விழிப்பதால்தான் கனவு அப்படியே நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதால் பலித்துவிடாது, அம்மு.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் தன் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்கு அழைத்துப் போனதையும், ஊரார் தேளை எடுத்துப் போட்டதுபோல் அடாத பழியைச் சுமத்தியதையும் சொல்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த தீங்கு என்ன என்பதை மட்டும் "உரையாடேன்" என்று அடக்கிக்கொள்கிறாள். அது என்ன என்று தேவந்தி கேட்கவே இல்லை. சோமகுண்டம், சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழலாம் என்று பரிகாரத்துக்குப் போய்விடுகிறாள். அவள் அன்பில் குறையில்லை. ஆனாலும் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு ஆற்றாமை வரும்.

அந்தக் கனவு பலித்ததே என்பாய். சொன்னதாலா பலித்தது? கோவலனைக் கொன்றது பொற்கொல்லனின் பொய்யும், தீர விசாரிக்காத அரசனின் ஆணையும்.

ஆண்டாளுக்கு வாய்த்த தோழியைப் பார். வாரணமாயிரத்தில் ஆண்டாள் பத்துப் பாட்டிலும் "கனாக் கண்டேன் தோழீ நான்" என்று கல்யாணச் சடங்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். தோழி குறுக்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை. கனவைச் சொல்ல அப்படி ஓர் ஆள் வேண்டும்.

என்னிடம் சொல். பலன் பார்க்க மாட்டேன். எந்த வீடு, பக்கத்தில் யார் இருந்தார்கள், பல் கையில் விழுந்ததா மண்ணில் விழுந்ததா, எந்த இடத்தில் அழுகை வந்தது, எல்லாவற்றையும் சொல். பாட்டியிடம் மட்டும் இப்போது வேண்டாம். தனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று பயந்துவிடுவாள். இரவு எத்தனை மணியானாலும் போனை எடுப்பேன்.

அன்புடன்,
அத்தை