குறும் ஆவணப்பட நிதி அமைப்புகளுக்கும் தேர்வுக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

ஆவணப்படங்களைத் தொகுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். முதல் தொகுப்பை அதில் இடம்பெற்றவர்களுக்குப் போட்டுக் காட்டி, இரண்டாம் முறை ஒப்புதல் பெற்ற பிறகே படம் இறுதி செய்யப்பட வேண்டும் என்பதை நீங்கள் நிபந்தனையாக்க வேண்டும். அதற்கான செலவையும் நீங்களே ஏற்க வேண்டும்.

இன்று ஒப்புதல் என்பது கேமரா ஓடுவதற்கு முன் நீட்டப்படும் படிவத்தோடு முடிந்துவிடுகிறது. தான் பேசியதில் எது நிற்கும், அதற்கு முன்னும் பின்னும் எது வரும், அடியில் என்ன இசை ஒலிக்கும் என்பதெல்லாம் கையெழுத்திடுபவருக்குத் தெரியாது. சொல்லப்போனால், அந்த நேரத்தில் இயக்குநருக்கே தெரியாது. ஆஸ்கர் விதிகள்கூடக் குறும் ஆவணப்படத்துக்கு 40 நிமிடம் தருகின்றன. உங்களில் பலர் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை என்பதால், மணிக்கணக்கில் நீண்ட பேச்சு எங்கள் மேசையில் ஓரிரு நிமிடமாகச் சுருங்குகிறது.

கணவரை இழந்த பெண் ஒருவர் பேசிக்கொண்டே வந்து, தொண்டை அடைத்து நிறுத்துகிறார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த கணமே அந்த மனிதர் செய்த ஏதோ கோமாளித்தனம் நினைவுக்கு வர, வாய்விட்டுச் சிரிக்கிறார். சிரிப்புக்கு முன்னால் வெட்டினால் அவர் அழுதுகொண்டே இருக்கும் ஒரு விதவை; சில விநாடி தள்ளி வெட்டினால் அவர் அவராகவே இருப்பார். முன்னால் வெட்டினால் ‘தாக்கம்’ கூடும் என்பது எந்தத் தொகுப்பாளருக்கும் தெரியும். தேர்வுக் குழுக்களுக்கு எந்த வெட்டு பிடிக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எடுத்த காட்சிகளை அங்கேயே போட்டுக் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. 1922இல் வெளியான ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்துக்காக இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி அதைத்தான் செய்தார். படச்சுருளைப் படம்பிடித்த இடத்திலேயே கழுவி, அதில் இடம்பெற்ற இனுவிட் மக்களுக்கு, அதாவது கனடாவின் வடக்கே வாழும் பழங்குடியினருக்கு, காட்டினார். ஆயினும் அல்லகாரியல்லாக் என்ற மனிதர் திரையில் நானூக் என்ற வேறு பெயர் கொண்டவர் ஆனார். துப்பாக்கிக்குப் பழகிவிட்டிருந்தவர்கள் ஈட்டியோடு வேட்டைக்குப் போனார்கள். துண்டுக் காட்சிகளைப் பார்ப்பதும், அவை கோக்கப்பட்டபின் தன்னைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பதும் வேறு வேறு.

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1967இல் அந்நாட்டின் நியூஃபவுண்ட்லாந்துப் பகுதியிலுள்ள ஃபோகோ தீவில் எடுத்த படங்களை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். ஊரைக் காலி செய்து வேறிடம் போக வேண்டியிருக்குமோ என்ற அச்சத்தில் இருந்த மீனவர்களைப் பற்றிய அந்தக் குறும்படங்களை இயக்குநர் காலின் லோவும் அவரது குழுவினரும் முதலில் அம்மக்களிடமே காட்டி, அவர்கள் இசைந்த பிறகே வெளியில் கொண்டுபோனார்கள். அவற்றை அரசுத் தரப்பும் பார்த்தது. தீவினர் பின்னர் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே தங்கினார்கள். அதற்குப் படம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டிக் காட்டியதால் படம் நீர்த்துப்போய்விடவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

குற்றம் சாட்டப்படும் அதிகாரிக்கும் முதலாளிக்கும் இந்த உரிமையைத் தரவேண்டியதில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு போதும். தன் வாழ்க்கையைத் திறந்து காட்டியவருக்கே நான் கேட்கிறேன், அதுவும் தன்னைப் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லும் அளவுக்கு மட்டும். படத்தின் வாதம் இயக்குநருடையது.

இதற்கு ஆகும் செலவு பயணம், ஒரு மொழிபெயர்ப்பாளர், இரண்டு மூன்று வாரக் கூடுதல் கெடு. மொழிபெயர்ப்பாளரைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனெனில் தொகுப்பவருக்குத் தெரியாத மொழியில் ஒருவர் பேசும்போது, சப்டைட்டில் தவறாக இருப்பதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் பெரும்பாலும் பேசுபவரின் மொழி தெரிந்த ஆள் மட்டும்தான். உங்கள் அடுத்த விண்ணப்பப் படிவத்தின் செலவுப் பட்டியலில் வண்ணச் சீரமைப்புக்கும் ஒலிக்கலவைக்கும் முன்னால் இதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரியைக் காலியாக விட்டு வரும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்