மாசியில் உதிரும் இலையை ஐப்பசியில் எங்கே தேடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ‘இலையுதிர்காலத் தோட்டப் பணிகள்’ என்று அரைப் பக்கம் வந்திருந்தது. உதிர்ந்த இலைகளை வாரிக் குவியுங்கள், துலிப் கிழங்குகளை மண்ணில் புதையுங்கள், உறைபனிக்கு முன் செடிகளைச் சாக்கால் போர்த்துங்கள் என்றெல்லாம் போட்டிருந்தீர்கள். படித்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். வேப்பமரம் பச்சைப்பசேலென்று நனைந்துகொண்டு நிற்கிறது. எங்கள் செங்கோட்டைப் பக்கம் இலை உதிர்வது மாசி, பங்குனியில். புளியரை தாண்டி ஆரியங்காவு போகிற வழியில் தேக்கு மொட்டையாக நிற்பதை அப்போதுதான் பார்க்கலாம். ஐப்பசி எங்களுக்கு அடைமழை.

கட்டுரையில் தப்பில்லை, ஊர்தான் மாறிவிட்டது. என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். நவம்பரில் கையுறை மாட்டிக்கொண்டு துலிப் கிழங்கைச் சாண் ஆழத்தில் புதைப்பதை வீடியோவில் காட்டுவாள். பல வாரம் குளிர் பட்டால்தான் அது பூக்குமாம். அங்கே சரி. செங்கோட்டையில் அதைப் புதைத்தால் அழுகத்தான் செய்யும்.

நான் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். மீட்டர்கேஜ் காலத்தில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே நிறைய நேரம் கிடக்கும். கேட் குடிசையைச் சுற்றி நாலு சென்ட் இடம். காய்கறி வளர்க்கப் பழகியது அங்கேதான். எங்கள் ஊருக்கு மழை இரண்டு. ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலும் பேய்க்காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. என் மனைவி கேரளத்து ஆரியங்காவுக்காரி, அவள் அதைத் துலாவர்ஷம் என்பாள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது, அப்புறம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. மழைக்கு மட்டும் யாரும் எல்லை பிரித்துக் கொடுக்கவில்லை. அதனால் சென்னையில் உட்கார்ந்து எழுதும் பட்டியலும் எங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

சென்ற ஐப்பசியில் நானே ஏமாந்தேன். உங்கள் இணைப்பில் சொன்னபடி அக்டோபர் கடைசியில் தரையோடு தரையாகப் பாத்தி கட்டித் தக்காளி விதைத்தேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் மாதிரி மெலிந்து, நாற்றெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மேலே இலை அப்போதும் பச்சைதான். நாற்றழுகல். ஒன்றுகூடத் தேறவில்லை. இங்கே ஐப்பசியில் நாற்று விட வேண்டுமென்றால் ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி வேண்டும், மேலே தென்னங்கீற்றில் சரிவாகக் கூரை வேண்டும், விதையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியைக் கலக்க வேண்டும். கிலோவுக்கு 4 கிராம் என்பது கணக்கு. வீட்டுக்கு ஒரு சிட்டிகை விதைதானே, கையில் எடுத்து லேசாகப் புரட்டினாலே போதும். உங்கள் கட்டுரையில் ‘வடிகால்’ என்ற வார்த்தையே இல்லை. மழைக்காலத் தோட்டத்தில் பாதி வேலை அதுதான்.

கொடி அவரையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. ஒரு வருஷம் நான் அவசரப்பட்டு மாசியில் அவரை ஊன்றினேன். கேட் குடிசைக் கூரை தெரியாமல் கொடி மூடியது, ஒரு பூ இல்லை. பகல் பொழுது சுருங்கினால்தான் அது பூக்கும் என்று வேளாண்மைத் துறையில் ஒருவர் பின்னாளில் சொன்னார். ஆடியில் ஊன்றினால் கார்த்திகைக்குப் பூவெடுத்து, மார்கழி, தையில் காய்த்துக் கொட்டும். பனி விழ ஆரம்பித்ததும் பூங்கொத்தில் அசுவினிப் பூச்சி கறுப்பாக அப்பிக்கொள்ளும். அதற்கு விறகுச் சாம்பல்தான் என் மருந்து. பழைய வேட்டித் துணியில் முடிந்து, வெயில் ஏறுமுன் கொத்தின் மேல் தட்ட வேண்டும். பனி ஈரம் இருந்தால்தான் சாம்பல் ஒட்டும். எட்டு மணிக்குத் தட்டினால் காற்றில் போய்விடும். கேஸ் வந்த பிறகு வீட்டில் சாம்பல் ஏது? டீக்கடையில் கேட்டு வாங்குகிறேன். அது கிடைக்காதவர்கள் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளிக்கலாம்.

எனக்குப் பெரிய குறை, சிறுகிழங்கை விட்டுவிட்டீர்களே என்பது. தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் உண்டா? மலைக்கு அந்தப் பக்கம் இதையே கூர்க்கை என்பார்கள். என் மாமியார் வீட்டில் திருவாதிரைக்குச் செய்யும் கிழங்குப் புழுக்கில் அது கட்டாயம். பொங்கலுக்குத் தோண்ட வேண்டுமானால் ஆவணியிலேயே கொடி நட்டிருக்க வேண்டும். இப்போது ஐப்பசியில் செய்ய வேண்டியது களையெடுத்து மண் அணைப்பது. மழையில் மண் கரைந்து கிழங்கு வெளியே தெரிய ஆரம்பிக்கும். அதனால் ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண்வெட்டியோடு ஒரு சுற்று வர வேண்டும். தழை பழுத்துக் காய்ந்தால் தோண்டலாம். தோல் சுரண்டுவதுதான் வேதனை. சாக்கில் போட்டுத் தரையில் அடித்துப் புரட்டுவோம், அப்படியும் விரல் நகமெல்லாம் கறுத்துவிடும்.

பனங்கொட்டையை ஆவணி, புரட்டாசியிலேயே மணல் மேட்டில் அடுக்கியிருப்பார்கள், அதைத் தோண்டுவதும் தையில்தான். மல்லிகைக் கவாத்து கார்த்திகைக் கடைசியில். முழங்கால் உயரத்துக்கு வெட்டி எரு வைத்தால் மாசி, பங்குனியில் மொட்டு வரும். பிள்ளைகள் வெட்ட விட மாட்டார்கள், பாவம் என்பார்கள். வெட்டாத செடி என்னிடம் ஒன்று இருக்கிறது, ஆளுயரம் வளர்ந்து பேருக்குப் பூக்கிறது.

என் வேண்டுகோள் இதுதான். நமக்கு ஆறு பெரும்பொழுது இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர், மார்கழி, தைக்கு முன்பனி என்று அந்தக் காலத்திலேயே பேர் வைத்திருக்கிறார்கள். இலையுதிர்காலத்தை விட்டுவிட்டுத் தமிழ் மாதக் கணக்கில் எழுதுங்கள். செங்கோட்டை, கம்பம், பொள்ளாச்சி, குமரி மாதிரி மலையடிவார ஊர்களுக்குத் தனியாக நாலு வரி சேருங்கள். இந்த ஊர்களில் தோட்டம் போடுகிறவர்கள் பத்திரிகையும் வாங்குகிறார்கள்.

அடுத்த வாரப் பகுதியில் ‘தினமும் இரண்டு வேளை தண்ணீர் விடவும்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே கேட் கீப்பர்,
செங்கோட்டை