போஸ்ட் கார்டும் இன்லேண்டு லெட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகப் பதிவுகளைப் போலீசார் தோண்டுவது பற்றி எழுதிய வாசகர் ஒருவர், "தப்புச் செய்யாதவன் போனைக் காட்ட ஏன் பயப்படணும்?" என்று கேட்டிருந்தார். ரயிலில் தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தோரு வருடம் தபால் பிரித்துப் போட்டவன் நான். எனக்கும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது.

போஸ்ட் கார்டுகளை நாங்கள் படித்திருக்கிறோம், ஒளிப்பானேன்? ராத்திரி வண்டியில் தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு மணியார்டர் வரவில்லை என்பதெல்லாம் கண்ணில் படும். எழுதியவருக்கும் அது தெரியும். இன்லேண்டு லெட்டர் அப்படியல்ல. என் காலத்தில் ஒட்டிய ஓரத்தைப் பிரித்தால் வேலை போகும், ஜெயிலும் இருந்தது. வழக்குக்காக ஒரு கடிதம் தேவையென்றால் கலெக்டரோ, தலைமை மாஜிஸ்திரேட்டோ, மேல் நீதிமன்றமோ உத்தரவு போட வேண்டும். எஸ்.பி.யே கேட்டாலும் அந்த உத்தரவு வரும்வரை நிறுத்திவைப்போமே தவிர, கையில் கொடுக்க மாட்டோம்.

ஃபேஸ்புக்கில் ஊரறியப் போடும் பதிவு போஸ்ட் கார்டு. போலீஸ் படிக்கட்டும், எனக்கு வருத்தமில்லை. (படித்துவிட்டுக் கைது செய்வது வேறு கதை. 2012இல் அரசியல் தலைவர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவரைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் பிடித்தார்கள். அந்தப் பிரிவையே 2015இல் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்தது.) வாட்ஸ்அப் உரையாடல் இன்லேண்டு லெட்டர்.

போன மாதம் வாகனச் சோதனையில் என் தங்கை மகனை நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் எல்லாம் சரி. அப்புறம், "லாக்கை எடுத்துட்டு போனைக் குடு தம்பி." கொடுத்துவிட்டான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணோடு பேசியதையெல்லாம் நடுரோட்டில் வேறொருவர் தள்ளித் தள்ளிப் படிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். 2021இல் ஹைதராபாத் போலீசார் சாலையில் போனவர்களை மறித்து, வாட்ஸ்அப்பில் 'கஞ்சா' என்று தேடினார்களே, அந்தக் கதைதான்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் 2017இலேயே சொல்லிவிட்டார்கள். போனைச் சோதிக்க வாரண்ட் வேண்டும், அவசரமென்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்றது கர்நாடக உயர் நீதிமன்றம், 2021இல். ஆனால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவு, மின்னணுத் தகவல் கருவிகளையும் கேட்டு வாங்கப் போலீசுக்கு இடம் தருகிறது. நிலைய அதிகாரியின் எழுத்துப்பூர்வ உத்தரவே போதும், நீதிமன்றம் வேண்டாம். அதுவே எனக்கு உறுத்தல்தான். அதிலும் வேடிக்கை, அதே பிரிவின் கடைசியில் தபால் துறையின் கையில் இருக்கும் கடிதத்துக்கும் போஸ்ட் கார்டுக்கும் இது பொருந்தாது என்று விலக்கு இருக்கிறது! ஒரு கார்டுக்கு உள்ள காவல், பத்தாயிரம் கடிதம் அடங்கிய போனுக்கு இல்லை.

சட்டத்தை மாற்ற நாளாகும். அதற்குள் டி.ஜி.பி. ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பலாம்: வாகனச் சோதனையில் எழுத்துப்பூர்வ உத்தரவு இல்லாமல் போனைத் தொடக் கூடாது, உத்தரவில் அதிகாரியின் பெயரும் காரணமும் இருக்க வேண்டும் என்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
விழுப்புரம்